பழைய விமானமும் புதுச் சம்பந்தியும்

தரகர் சொன்ன விலை, பம்ப் கம்பெனி முதலாளி நினைத்து வந்ததைப் போல இரண்டு மடங்கு இருந்தது. 'ரொம்ப அதிகம்' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பக்கத்தில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாய் திறக்காதவர். மனதில் என்ன இருக்கிறதென்று அவர் மீசைக்கே தெரியாது. "நம்ம பொண்ணு அந்த வீட்ல தலைநிமிர்ந்து நடக்கணும். நீங்க யாருன்னு அவருக்குக் காட்டுங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். காட்டத்தான், விமானம் வாங்குகிற இடத்துக்கே அவரை அழைத்து வந்திருந்தார்.

முதலாளிக்கு ஐந்து ஊர்களில் கிளை. காரில் சுற்றிவர ஒரு வாரம் ஆகும். இந்த இரட்டை இன்ஜின் டர்போப்ராப் விமானம் இருந்தால் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். பழையதுதான். ஆனாலும் சொந்த விமானம்! நினைக்கும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

காசைப் பற்றிப் பேசினால் கௌரவம் போய்விடும். குறை சொல்லியே விலையை இறக்குவதென்று முடிவு செய்தார்.

"சீட்டெல்லாம் என்னங்க இப்படி இருக்கு? சந்தைக்கு மூட்டை ஏத்தினாங்களா?"

தரகர் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைச்சுக்கலாங்க" என்றார்.

நம்முடன் வந்திருப்பவர் பெரிய மனிதர் என்று தரகருக்கே தெரிகிறது என முதலாளிக்குப் பெருமை. ஆனால் சம்பந்தியின் முகம் சுருங்கியிருந்தது. ஓட்டை உடைசலை வாங்குகிறானே என்று இளக்காரமாக நினைக்கிறாரோ? குறை விமானத்தில் இல்லை, வைத்திருந்தவனிடம்தான் என்று புரியவைக்க வேண்டும்.

"வண்டி நல்ல வண்டிதான் சம்பந்தி. வச்சிருந்தவனுக்குத்தான் ரசனை கிடையாது. இந்தப் பச்சையை மனுஷன் அடிப்பானா?"

"பச்சை நல்லாத்தானே இருக்கு" என்றார் சம்பந்தி.

"உங்களுக்குப் பெரிய மனசு."

விலை இன்னும் இறங்கியது. கூடவே சம்பந்தியின் முகமும் இறங்கியது.

முதலாளி பதறிப்போய் இன்னும் விளக்கினார். "கவலையே படாதீங்க. நம்ம மெக்கானிக் ரெண்டு நாள் பிரிச்சுப் பார்த்துட்டான், இன்ஜின் தங்கமாம். அது தெரியாம இந்த விலைக்குக் கொடுக்கிறான் பாருங்க. குரங்கு கையில பூமாலை."

சம்பந்தி இருமினார். தரகர் விமானக் கொட்டகையின் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"என்ன சம்பந்தி, முடிச்சிடலாமா?"

"முடிச்சிடுங்க. சீக்கிரம் முடிச்சிடுங்க."

முதலாளி தரகரிடம் முன்பணத்தைக் கொடுத்துக் கை குலுக்கினார். சம்பந்தி மெச்சிவிட்டார், மகளின் வாழ்க்கைக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. உரிமையோடு சம்பந்தியின் தோளில் கைபோட்டார்.

"முதல் பயணம் நீங்களும் நானும்தான். இந்த மாதிரி சின்ன விமானத்துல ஏறிப் பழக்கமில்லைன்னா பயப்படாதீங்க. நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

அப்போது விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பணியாள் வாளியோடு இறங்கி, நேரே சம்பந்தியிடம் வந்தார்.

"ஐயா, ஓட்டும்போது நீங்க போடுற கூலிங் கிளாஸ் பைலட் சீட்டுக்கு அடியில கிடந்துச்சுங்க. உங்க புது ஜெட்டுல கொண்டுபோய் வச்சிடட்டுங்களா?"