ஜன்னல் கட்டிலில் ஏழு நாள்

மலாக்கா மாநிலத்து மலேரியா யாருக்காவது பயந்தது என்றால், அது கொய்னா அக்கா ஒருவருக்குத்தான். துரைமார் கால்வாய் வெட்டிப் பார்த்தார்கள், எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கொசு எதையும் சட்டை செய்யவில்லை. அக்காவின் கறுப்புக் குடையைக் கண்ட பிறகுதான் மூட்டை கட்டியது. நாற்பது வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அங்கே அதுதான் பெயர். கொஞ்சம் இங்கிலீஷும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையும் இருந்ததால் தலை சற்றுக் கனத்துத்தான் கிடந்தது. அக்கா தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். மலாக்கா டவுனில் தெங்கேராக்காரர், பேச்சோடு மலாய் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

விடியற்காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, மலேரியாவுக்கு ஆளுக்கு ஒரு மடக்குக் கொய்னாத் தண்ணீர், அதாவது கசப்பான குயினைன் மருந்து, கொடுப்பார்கள். அதைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு போய் ரப்பர் மரத்தடியில் துப்புவது எங்கள் பரம்பரை வித்தை. அக்கா வந்த முதல் வாரத்திலேயே ஒரு சட்டம் போட்டார். குடித்ததும் சொந்த ஊர்ப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் கொய்னாவை வைத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். கரூர்க்காரர்கள் சின்னப் பெயர்தானே என்று ஏமாற்றப் பார்த்தார்கள். அவர்கள் மட்டும் தாலுகா, ஜில்லா எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெயர் தெளிவாகக் காதில் விழுந்தால், "இறங்கிருச்சு. அடுத்த ஆளு" என்பார்.

கிராணிக்கு இதெல்லாம் கிடையாது என்று நான் நழுவப் பார்த்தேன். குடையின் வளைந்த பிடி என் காலரில் மாட்டியது. நூறு பேர் பார்க்க, "பட்டுக்கோட்டை" என்று கத்திவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனேன்.

ஒருநாள் துரைக்கே குளிர்காய்ச்சல். அவருக்கும் அதே மருந்து, அதே சட்டம். பாவம், அவர் தம் சீமை ஊர்ப் பெயரைச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "வாயிலயே வச்சிருக்காரு லா" என்றார். மூன்று தரம் சொல்லியும் துரைக்கு விடுதலை கிடைக்கவில்லை. கடைசியில் அவர் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று.

இதுவரை சிரிப்பு. இனி வருவது அப்படியில்லை.

என் மனைவி பாக்கியம் இரண்டாம் முறையாக உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளையை லயத்து வீட்டிலேயே, இரண்டு நாள் வலிக்குப் பிறகு, பறிகொடுத்திருந்தோம். இந்தத் தடவை அவள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்த அக்கா, பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்லிவிட்டார். பாக்கியம் அசையவில்லை. பெண்கள் வார்டில் கட்டில் நாலு. அதில் ஜன்னலோரக் கட்டில் எப்போதும் காலி. அதில் படுத்த மூன்று பேர் வரிசையாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தக் கட்டில் ஆள் கேட்கிறது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து வாதாடினார். பாக்கியம் தலை நிமிராமல், "நீங்க மொதல்ல அதுல படுத்து எந்திரிங்கக்கா. அப்புறம் நான் வரேன்" என்றாள்.

"எத்தன நாளு?"

"ஏழு."

"சரிலா" என்று குடையை எடுத்துக்கொண்டு போனவர், அன்றைக்கே நோயாளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கட்டிலில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸருக்கு என்ன வைத்தியம் செய்வதென்றே தெரியவில்லை. உயிர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே கூட்டம்.

இரண்டாம் நாளே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மத்தியானம் ஆனால் அந்த ஜன்னல் வழியாக வெயில் நேரே முகத்தில் அடித்தது. தண்ணீர்ப் பானை வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. கூப்பிட்டால் யார் காதிலும் விழவில்லை. என்னை வரவழைத்து, படுத்தபடியே ஒரு புகார்க் கடிதம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். யாருக்கு? வார்டு நர்ஸ் அவர்களுக்கு, அதாவது தமக்கே.

எட்டாம் நாள் எழுந்து குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, மேஜைக்கு முன் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் புருவம் சுருக்கிப் படித்தார். "யாரு இந்த நோயாளி? நியாயமாத்தான் சொல்லியிருக்கா" என்று கையெழுத்துப் போட்டுத் துரைக்கு அனுப்பினார். நாக்கை நீட்டிய துரை மறுபேச்சுப் பேசுவாரா? ஜன்னலுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை இறங்கியது. கட்டிலுக்கொரு தண்ணீர்ப் பானை வந்தது. ஆளைக் கூப்பிட, ஒவ்வொரு கட்டிலிலும் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி, தட்டுவதற்கு ஒரு கரண்டியும் வைத்தார்கள்.

பாக்கியம் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மத்தியானம் அதே கட்டிலில் எங்கள் மகள் பிறந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்ட அக்கா அந்தக் கோடிக்குப் போயிருந்தார். அப்போது மங்கு ஒலித்தது. மெதுவாக, விட்டுவிட்டு. பாக்கியத்துக்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வாய்விட்டுக் கூப்பிட அவளுக்குத் தெம்பில்லை, கரண்டியைத் தூக்க மட்டும் இருந்தது. பிள்ளையை ஆயா கையில் கொடுத்துவிட்டு அக்கா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவள் அடிவயிற்றில் கையை அழுத்தி வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. இரத்தம் மட்டுப்பட்டதும் ஏதோ ஒரு கசப்பு மருந்தை ஊற்றினார்.

"ஊரச் சொல்லு, பாக்கியம்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊரச் சொல்லும்மா."

"மன்னார்குடி" என்றாள். காற்று மாதிரிதான் வந்தது.

"இறங்கிருச்சு" என்றார் அக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜன்னல் கட்டிலுக்கு அடிதடி. புக்கிட் பெருவாங் பக்கத்திலிருந்து ஒருத்தி ஏழாம் மாதமே மாட்டு வண்டியில் வந்து இடம் பிடிக்கப் பார்த்தாள். அக்கா குடையைத் தூக்கித்தான் அவளைத் திருப்பி அனுப்பினார்.

அக்கா போய்ப் பல வருஷம் ஆகிறது. எனக்கு இப்போது இரத்தக் கொதிப்பு, தினம் காலையில் ஒரு மாத்திரை. விழுங்குகிறேனா என்று பார்க்க யாரும் நிற்பதில்லை. ஆனாலும் விழுங்கியதும் வாய் தானாக, "பட்டுக்கோட்டை" என்று உரக்கச் சொல்லிவிடுகிறது. உடனே அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் இந்த வீட்டில் இத்தனை வருஷமாகக் கேட்பதே அக்கா கொடுத்ததுதான்.

"இறங்கிருச்சு" என்கிறாள் பாக்கியம். "அடுத்த ஆளு."