உப்பர் வைத்திருந்த கடல்

பாரிஸில் கடல் இல்லை என்று சொல்கிறவர்கள் உப்பரைக் காணாதவர்கள். லா சப்பலில், மூன்றாம் மாடியில், நாங்கள் மூன்று பேர் படுத்த அறையில் அவர் ஒரு கடல் வைத்திருந்தார். நாலாவது ஆளின் கட்டிலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தார். கடல் என்றால் கடல்தான். உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், கடற்கல், மீன். அலை அடிக்க ஒரு மோட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டியில் இருந்தது. பிரெஞ்சு எழுத்து எனக்கு ஓடாது. மாதம் இரண்டு முறை வாளி வாளியாக உப்பு சுமந்து வருவார். அதனால் உப்பர்.

அவருடைய ஊர் புன்னாலைக்கட்டுவன். கிணறும் தோட்டமும் உள்ள ஊர். எங்களோடு இருந்த மணியம் ஒருநாள் கேட்டான்.

"அண்ணை, புன்னாலைக்கட்டுவனிலை கடல் எங்கை?"

"இல்லை. அதுதான் வைச்சிருக்கிறன்."

ஒருமுறை ஸ்டாலின்கிராட் மெற்றோவில் பொலிஸ் அவரை மறித்தது. வாளியைத் திறந்தால் இருபது கிலோ வெள்ளைப் பொடி. நான் மற்ற வாளியோடு பத்தடி பின்னால் நின்றேன். அப்போது என்னிடம் வதிவிடப் பேப்பர் இல்லை. உப்பர் பொலிஸைப் பார்த்து "செல், செல்" என்றார். பிரெஞ்சில் அது உப்பு. அந்த வழியால் வந்த தமிழர் ஒருவர், "பொலிஸையே போகச் சொல்லுறார், துணிஞ்ச மனுசன்" என்று விலகிப் போனார். பொலிஸ்காரர் விரலால் தொட்டு நக்கினார். முகம் கோணியது. விட்டுவிட்டார். உப்பருக்குத்தான் ஆறவில்லை.

"கை கழுவாமல் விட்டிட்டான். இனி இதை மீனுக்குப் போடேலாது."

அவருடைய கடலுக்கு ஒரு மணிக்கூடு இருந்தது. அது ஊர் நேரம் காட்டும். "கடல் அங்கத்தையது. அதுக்கு இஞ்சத்தை நேரம் விளங்காது" என்பார். நாங்கள் நல்ல நித்திரையில் இருக்கும்போது அதற்கு விடியும். நீல லைட் தானாக எரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு அதற்குப் பொழுதுபடும். லைட் அணையும். உப்பருக்குக் கீழே மரக்கறிக் கடையில் வேலை. தராசை அப்படியே விட்டு மேலே ஏறி வந்து, யன்னலைச் சாத்தி, கறுப்புத் துணி போட்டுவிட்டு இறங்கிப் போவார். அதுவரை சனம் கத்தரிக்காயோடு நிற்கும்.

நான் ஒரு ரெஸ்ரோரண்டில் மீன் வெட்டுகிறவன். மூன்று மணிக்கு விடுவார்கள். ஆறுக்குத் திரும்பப் போகவேண்டும். அந்த மூன்று மணித்தியாலமும் அறையில் நான் மட்டும் படுப்பேன். வெளியே வெயில், பஸ் சத்தம். உள்ளே கும்மிருட்டு. தொட்டி மூச்சுவிடும். சில நாட்களில் இன்னொரு சத்தமும் கேட்கும். கல்லை நகத்தால் சுரண்டுவது போல. நான் எழும்பிப் பார்ப்பதில்லை. போர்வையை இழுத்துக்கொள்வேன்.

பிறகு மீன்கள் காணாமல் போகத் தொடங்கின.

தொட்டியில் ஒரு சோடி இருந்தது. மாப்பிள்ளை, பொம்பிளை என்று உப்பர் பெயர் வைத்திருந்தார். முதலில் பொம்பிளை போனாள். அடுத்த கிழமை மாப்பிள்ளை. பிறகு உள்ளங்கை அளவு மஞ்சள் மீன். முள் இல்லை, செதில் இல்லை, தண்ணீர் கலங்கவும் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் காணாமல் போவது விளையாட்டுச் சொல் அல்ல. அறையில் பேச்சுக் குறைந்தது. மணியம் கண்ணாடியில் திருநீறு பூசினான். உப்பர் துடைத்தார். அவன் திரும்பவும் பூசினான்.

ஒருநாள் உப்பர் என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் மூண்டுக்கும் ஆறுக்கும் இடையிலைதான் போகுது. நீ மீன் வெட்டிற ஆள்."

"அண்ணை, எனக்கு மீனைக் கண்டாலே குமட்டும்."

"பொம்பிளை எங்கை?"

"தெரியாது அண்ணை."

என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். மீன் மணந்தது. மணக்காமல் என்ன செய்யும்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை வேறை இடம் பார்."

அறை அவர் பெயரில். பேப்பர் இல்லாதவனுக்கு யார் இடம் தருவார்கள். மெற்றோப் பாலத்துக்குக் கீழே கூடாரத்தில் கிடந்தவர்களைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். இனி அவர்களோடு நானும்.

சனிக்கிழமை அவரிடம் சொன்னேன். "ஒருக்கா என்னோடை இருந்து பாருங்கோ அண்ணை. பிறகு போறன்."

கடையில் சனம் நெரியும் நாள். ஆனாலும் வந்தார். கடல் பிராணிகளுக்குச் சிவப்பு தெரியாதாம். ரோச் லைட்டில் சிவப்புக் கடதாசி சுற்றினார். இருவரும் நிலத்தில் குந்தியிருந்தோம். பகல் மூன்றரை. கை தெரியாத இருட்டு.

சுரண்டல் கேட்டது. உப்பர் என் மணிக்கட்டை இறுக்கினார். லைட்டைப் போட்டார்.

கல்லில் ஒரு துளை. அதிலிருந்து விரல் தடிப்பில் ஒரு புழு வந்தது. ஒரு முழம் வந்தது. இன்னும் வந்தது. உடம்பு எண்ணெய் பட்ட தண்ணீர் போல மினுங்கியது. தலையில் ஐந்து கொம்பு. வாய் கத்தரிக்கோல் போல விரிந்து நின்றது. மிச்சம் இருந்த ஒரேயொரு நீல மீன் பக்கத்தில் தூங்கியது. ஒரு சொடுக்குத்தான். மீன் இல்லை. புழு இல்லை. கல் மட்டும் இருந்தது.

உப்பர் கண்ணாடியில் மூக்கு முட்ட அந்தத் துளையைப் பார்த்தார்.

"விசா இல்லாமல் வந்திருக்கிறான்" என்றார் கடைசியில். "கல்லு வாங்கேக்கை உள்ளுக்கை ஒளிச்சு இருந்திருக்கிறான். எத்தினை நாள் பட்டினியோ."

சிவப்பு வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார்.

"நீயும் வெங்காய மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்செல்லோ வந்தனி."

"ஓம் அண்ணை."

மணியம் வேலையால் வந்து விசயம் அறிந்ததும் கொதிதண்ணீர் வைத்தான். "ஊத்திக் கொல்லுங்கோ."

"சும்மா இரடா. பசிச்சவன் திண்டவன்."

"அப்ப வந்த இடத்துக்கு அனுப்புங்கோ."

"திருப்பி அனுப்ப நான் என்ன பொலிஸோ?"

அந்தக் கல்லை எடுத்துச் சின்னத் தொட்டி ஒன்றில் வைத்தார். தொட்டியை என் தலைமாட்டில் வைத்தார். "நீதான் பாக்கோணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. இடம் பார்க்கச் சொன்னதை அவர் திரும்பப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் உப்பருக்குக் கால் ஏலாமல் போய், பாரிஸுக்கு வெளியே பொண்டியில் மகள் வீட்டோடு போய்விட்டார். பெரிய தொட்டியை யாருக்கோ கொடுத்தார். புழுவை எனக்கு விட்டார். எனக்கு இப்போது பேப்பர் இருக்கிறது. பொபினியில் ஒரு அறை இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் யன்னலைச் சாத்துகிறேன். வெளியே வெயில் எறிக்கும். நானும் புழுவும் இருட்டில் இருப்போம்.

ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு உப்பர் போன் எடுப்பார். ஒரே கேள்வி.

"சாப்பாடு முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. ஒரு துண்டு இறால்."

வைத்துவிடுவார்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். போன் வந்தது.

"சாப்பாடு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை. இறாலை இழுத்துக்கொண்டு உள்ளுக்கை போயிட்டான்."

"குரல் ஏன் அடைச்சிருக்கு?"

"காய்ச்சல் அண்ணை. ரெண்டு நாளா ஒண்டும் இறங்கேல்லை."

உப்பர் கேட்டார்.

"நான் இவ்வளவு நாளும் ஆரைக் கேட்டனான் எண்டடா நினைச்சனி?"

கல்லுக்குள் அது சுரண்டிக்கொண்டிருந்தது. நான் எழும்பி உலை வைத்தேன்.