மூன்று வகை வெள்ளரியும் ஒரு மாப்பிள்ளையும்

கனவு காண்பவர்கள் தோட்டம் போடக் கூடாது. கனவுக்குத் தண்ணீர் வேண்டாம், வெள்ளரிக்கு வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், வாத்தியாரான அப்பாவுக்கு மாமல்லபுரத்துக்கு மாற்றலாகி, கடலோரம் ஒரு வீட்டில் இருந்தோம். கொல்லை முழுக்க மணல். கருங்குழிச் சந்தையிலிருந்து அப்பா மூன்று வகை விதை கொண்டுவந்தார்: பச்சை நாட்டு வெள்ளரி, வெள்ளை வெள்ளரி, உருண்டையாய் மஞ்சளாய்க் காய்க்கும் தோசைக்காய். அதுவரை நான் கோலமாவு தவிர எதையும் மண்ணில் தூவியதில்லை.

முளைத்தது. கொடி ஓடியது. குடத்தோடு போவேன். மஞ்சள் பூவில் வண்டு உட்காரும். சவுக்குத் தோப்புக்கு அப்பால் அலை புரளும். நானும் உட்கார்ந்துவிடுவேன். பொழுது சாய, நிறைகுடம் நிறைகுடமாகவே வீடு திரும்பும். (அம்மாவுக்குத் தெரியாது.)

அப்படியும் காய்த்தது! செங்கல்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், "அதுவரைக்கும் யாரும் காயைத் தொடக் கூடாது" என்று சட்டம் போட்டேன்.

வந்தார்கள். மூன்றையும் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடி, "குளிர்ச்சியா கீது" என்றார். அந்த அம்மாளின் தம்பி, "கடல்காத்துல வெளஞ்சதாச்சே" என்று தட்டைத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளை மட்டும் துடைத்து வைத்த மாதிரி தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றார்.

நான் தரையில் நடக்கவில்லை. மிதந்துதான் அடுப்பங்கரைக்குப் போனேன். அங்கே தங்கை கமலா துப்பிக்கொண்டிருந்தாள். "அக்கா, இன்னா இது? வேப்பங்காயாட்டம் கீது!"

வாயில் போட்டேன். தண்ணீர் காணாத பச்சை கசந்தது. வெள்ளை அதைவிடக் கசந்தது. தோசைக்காய் இரண்டுக்கும் அண்ணன். பதறித் திரும்பினால், அம்மா இரண்டாவது தட்டைக் கொண்டுபோய் வைத்தாயிற்று. கதவிடுக்கில் பார்த்தேன். கண்ணில் நீர் தளும்ப, ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி மாப்பிள்ளை மென்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. கொடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுதேன். (அன்றுதான் அவற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தது.)

ஆனால் சம்மதம் என்று ஆள் வந்தது. கல்யாணத்துக்கப்புறம் கேட்டேன்: "கசக்கலையா உங்களுக்கு?"

"கசந்துது. நீ கதவாண்ட நின்னு பாத்துகினு இருந்தே. எப்படித் துப்புறது? இன்னும் கேட்டா நீ உள்ள போவே, கன்னத்துல அடக்கி வெச்சிருந்ததை நைசா ஜன்னல் வழியா துப்பிடலாம்னு பாத்தேன். தட்டை உங்கம்மா எடுத்துகினு வந்து எதிர்லயே உக்காந்துட்டாங்க."

இன்று பேரன்கள் வரை எங்கள் வீட்டில் யாரும் சமையலைக் குறை சொல்வதில்லை. "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று பணிவாகக் கேட்கிறார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் கொட்டப் போய்விடுகிறேன்.