மலையேறாத பல்பு

ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த வருஷம், மலாயாவின் ஜொகூரில் ஆபீஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட எல்லாமே சிக்கனத்தைக் கடைப்பிடித்தே தீர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. மூவாருக்கும் பொந்தியானுக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன ஊரின் மின்சார ஆபீஸுக்கு இதில் பெரிய தர்மசங்கடம். அந்த ஆபீஸ் விற்ற ஒரே சரக்கு மின்சாரம். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. தன் சரக்கை யாரும் அதிகம் வாங்க வேண்டாம் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல, ஆபீஸ் 'மின்சாரச் சிக்கனப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்தது. பிரிவுக்குக் கிராணிகள் என்ற குமாஸ்தாக்கள் இரண்டு பேரும், ஆளுக்கு மூன்று பல்பும், பகலெல்லாம் சுற்ற ஒரு காற்றாடியும் ஒதுக்கப்பட்டன.

பெரிய கிராணி சபாபதி. தமிழ்க் கிராணி வீரமுத்து. ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் நோட்டீஸாக எழுதி ஒட்டுவது வீரமுத்துவின் உத்தியோகம். உருக்கமாக எழுதுவார். 'வீணாக எரியும் விளக்கு வீட்டுக்குக் கேடு' என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு, எதிர்வீட்டுப் பலசரக்குக் கடைக்காரர் உதுமான் இருட்டிலேயே சோறு தின்னப் பழகிக்கொண்டார். இரண்டு முறை மீன் முள் தொண்டையில் சிக்கியது. அப்போதும் அவர் நோட்டீஸைக் குறை சொல்லவில்லை, மீனைத்தான் குறை சொன்னார்.

ஆனால் நோட்டீஸ் எழுதிய வீரமுத்துவின் வீட்டில் ஒரு பல்பு, மின்சாரம் வந்த நாளிலிருந்து அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அது முருகன் படத்துக்கு மேலே இருந்த பல்பு. மனைவி தனலெட்சுமி ஒரு வெள்ளிக்கிழமை அதைத்தான் முதலில் ஏற்றிக் கும்பிட்டாள். சாமிக்கு ஏற்றின விளக்கை மனுஷன் அணைப்பதாவது! எண்ணெய் தீர்ந்து அது தானாக மலையேற வேண்டும். இல்லாவிட்டால் பூவால் குளிர வைக்க வேண்டும். பல்புக்கு எண்ணெயே கிடையாது, பிறகு தீர்வது எங்கே? போதாக்குறைக்கு அதே வாரம் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். அடுத்த மேசைக்காரருக்கு நாகப்பட்டணம் போகக் கப்பல் டிக்கட் கொடுத்தார்கள், வீரமுத்துவை விட்டுவிட்டார்கள். பல்பு எரிவதால்தான் புருஷனுக்கு வேலை இருக்கிறது என்று தனலெட்சுமி அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

ஒருநாள் சபாபதி அவரைக் கூப்பிட்டார்.

"என்னப்பா வீரமுத்து, மறுபடியும் ஆள் குறைக்கிறாங்க. இந்தத் தடவை நம்ம பிரிவுல ஒருத்தர். யாரை எடுக்கிறதுன்னு துரை நியாயமா ஒரு வழி பண்ணியிருக்காரு."

"என்ன வழிங்க?"

"வீட்டுல யாரு கூடுதலா வெளிச்சம் செலவு பண்றாங்களோ, அவங்களைக் கப்பல் ஏத்திடறது. சிக்கனப் பிரிவுல்ல? அடுத்த வாரம் துரையே நேர்ல வந்து பார்க்கிறாரு. என் வீட்டுல நானும் சம்சாரமும்தான். ஒரே ஒரு பல்பு, அதுவும் சாப்பிடற நேரத்துக்கு மட்டும். உன் பாடுதான்..." என்று இழுத்தார்.

 வீரமுத்துவுக்குச் சொந்த ஊரில் ஒரு சாண் நிலம் கிடையாது. கப்பலை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "தனம், அந்தப் பல்பை அணைச்சிடு" என்றார்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா? சாமி விளக்கை அணைன்னு சொல்லலாமா?"

"சரி, குளிர வை."

"பூவாலதான் குளிர வைக்கணும். எங்க, நீங்களே வைங்க, பார்ப்போம்."

வீரமுத்து முக்காலி மேல் ஏறி ஒரு செம்பருத்தியைப் பல்பின் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பூ வாடிக் கருகியது. பல்பு முன்னைவிடப் பிரகாசமாக எரிவது போல் அவருக்குத் தோன்றியது. மறுநாள் சபாபதியிடம் கெஞ்சி, 'சுவிச்சை மலர் கொண்டு அழுத்துவதும் குளிர வைத்ததாகவே கருதப்படும்' என்று ஆபீஸ் முத்திரையோடு ஒரு உத்தரவு வாங்கி வந்தார்.

தனலெட்சுமி அதைக் கையால்கூடத் தொடவில்லை. "உங்க துரை என்ன, கோயில் பண்டாரமா? அந்தப் பல்பு போனா உங்க வேலை போயிடும்."

"அந்தப் பல்பு இருந்தாத்தான்டி வேலை போயிடும்!"

வேறு வழி தெரியாமல் வீரமுத்து எதிர்வீட்டுக்கு ஓடினார். தன் பல்பு ஒன்று எரிகிறபோது தெருவே சேர்ந்து எரித்தால், துரையின் கண்ணுக்குத் தன் பல்பு தனியாகத் தெரியாது அல்லவா?

"பாய், ஒரு உதவி. ஒரு வாரத்துக்கு உங்க வீட்டு விளக்கையெல்லாம் விடிய விடிய எரிய விடணும்."

"அலமாக்!" என்று மலாய்க்காரர் மாதிரி வாயைப் பிளந்தார் உதுமான். "கிராணியாரே, நீங்களா பேசுறது? வீட்டுக்குக் கேடுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

"அது ஆபீஸ் எழுதினது, பாய். இது நான் சொல்றது."

"சர்க்கார் எழுத்தை நம்பிப் பழகிட்டேன் லா, இனிமே மாத்த வராது. ஆமா, ஏன் இப்படிக் கேக்கிறீங்க? உங்க வீட்டுல விளக்கு எரியுதா?"

"ஒண்ணு எரியுது. அணைக்கவே மாட்டேங்கறா."

"எப்பவும் எரியுதா? சும்மாவா?"

"சும்மாதான்."

உதுமானுக்கு மனது கேட்கவில்லை. "அப்ப அது வீணால்ல போகுது!"

அன்று சாயங்காலமே கடை வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்க ஒரு சாக்கோடு வந்துவிட்டார். முருகனுக்கு முதுகைக் காட்டாமல் மரியாதையாக ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி காதர் பீவி தைக்கத் துணியோடு வந்தாள். சேதி பரவியது. வார முடிவுக்குள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் சவரம் செய்துகொண்டார். இரண்டு பேர் தாயம் ஆடினார்கள். எல்லோர் வீட்டிலும் இருட்டு, எல்லோர் முகத்திலும் சிக்கனம் செய்த திருப்தி. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கியே தனலெட்சுமியின் சீனி டப்பா காலியாயிற்று.

துரை வந்தார், சபாபதியும் கூட வந்தார். தெரு முழுக்க இருட்டு. ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம். சபாபதி துரையிடம் அந்த வீட்டை விரலால் சுட்டிக் காட்டினார்.  வீரமுத்து முருகனை ஒரு தடவை பார்த்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

துரை உள்ளே எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"இந்த ஒரு பல்பை எத்தனை பேர் உபயோகிக்கிறாங்கன்னு கேக்கிறாரு" என்றார் சபாபதி, குரல் இறங்கி.

"தெருவே உபயோகிக்குதுங்க."

துரை தலைகளை எண்ணினார். பல்பைத் தலைகளால் வகுத்தார். தலைக்கு இவ்வளவு குறைவாக வெளிச்சத்தை உபயோகிக்கும் வீடு ஜொகூரிலேயே கிடையாது என்று வீரமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அதே கணக்கை சபாபதி வீட்டுக்கும் போட்டார். ஒரு பல்பு, இரண்டு பேர். தலைக்கு அரைப் பல்பு! இப்படிப்பட்ட ஊதாரியைச் சிக்கனப் பிரிவில் வைத்திருப்பது ஆபீஸுக்கே அவமானம் என்று, சபாபதிக்குக் கப்பல் டிக்கட் கொடுத்துவிட்டார்கள். வழியனுப்பப் போன வீரமுத்துவால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தலை தப்பிய சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு தெருவுக்கு ஒரு பல்பு போதும் என்பது நிரூபணமாகிவிட்டதால், மற்ற வீடுகளின் மின்சாரக் கம்பிகளை ஆபீஸ் கழற்றியது. கழற்றிய கூலியை அந்தந்த வீட்டுக்காரர்களிடமே வசூலித்தது. வீரமுத்துவின் வீடு 'பொது வெளிச்ச நிலையம்' ஆயிற்று. உள்ளே வந்து உட்காருகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். கட்டணம் வாங்க ஒரு கிராணி, வாங்கியதைச் சரிபார்க்க ஒரு கிராணி, வாசலில் ஒரு பியூன். மூன்று பேருக்கும் தனித்தனியே மேசை விளக்கு. மேற்பார்வை வீரமுத்து. பெஞ்சு போட இடம் போதாமல் அவர் குடும்பம் பின்கட்டுச் சமையலறைக்குப் போய், மண்ணெண்ணெய் விளக்கில் குடித்தனம் நடத்தியது.

தன் நோட்டீஸ் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று நினைத்தால் வீரமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. ஜனங்கள் என்றைக்காவது திரண்டு வந்து கேட்க மாட்டார்களா என்று ஏங்கினார். கடைசியில் ஒருநாள் தெருவே திரண்டு வந்தது. முன்னால் உதுமான், கையில் மனு.

"கிராணியாரே, இதுக்கு மேல பொறுக்க முடியாது. நியாயம் வேணும்."

வீரமுத்துவின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. கம்பியைத் திரும்பக் கேட்கிறார்கள்! ஆசையோடு மனுவைப் பிரித்தார்.

'பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று எங்கள் வெளிச்சத்தில் ஓசியாகப் பேப்பர் படிக்கிறார்கள். ஆகவே நிலையத்தைச் சுற்றி உயரமான பலகை வேலி அடைக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். வேலிச் செலவை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.'

அவருக்கு அழுகை வந்தது. ஆனால் வேலி என்று ஒன்று வந்தால் அதைக் காக்க ஆள் வேண்டும், ஆள் இருந்தால் மேற்பார்வைக்கும் ஒருவர் வேண்டும், அடுத்த ஆள் குறைப்பில் தன்னைத் தொட மாட்டார்கள் என்றும் தோன்றியது. பேனாவை எடுத்து, 'மிகவும் அவசியம், சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.