முதுகில் எண் ஒட்டிய போன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பூட்டுக்கடை மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பால் நலம். மானத்துக்கு மட்டும் திங்கட்கிழமை மாலை நாலு மணியிலிருந்து சற்றுச் சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பீர்கள். போன் தொலைந்துவிட்டது, அதுதான் விஷயம். அத்தையின் போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் பதிலுக்குப் பேசுவீர்கள். காகிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீங்கள் குறுக்கே ஒன்றும் சொல்ல முடியாது.

தொலைந்த போன்களிலிருந்து கம்பெனி ரகசியம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் உத்தியோகம் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னீர்கள். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று அன்று மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இந்தக் கடிதத்தின் மூலம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். போன தடவை விடுமுறைக்கு வந்தபோது என் போனை வாங்கிப் பார்த்து, இதற்குப் பூட்டே இல்லையே மாமா என்று பதறினீர்கள். முப்பத்தொரு வருஷமாகப் பூட்டு விற்கிறவனுக்கே பூட்டு போடச் சொல்லித் தருகிறீர்களா என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கும். நீங்கள் மரியாதைக்காரர், நாலு இலக்க எண் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் மாமா என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதிப் போனின் முதுகில் ஒட்டினேன்.

சிரிப்பதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள். பேருந்து நிலையத்துக்கு வெளியே சாக்கை விரித்துப் பதினாறு பூட்டுகளோடு தொழில் ஆரம்பித்தவன் நான். முதல் வாரமே எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று கலந்துபோய், ஒரு பூட்டைக்கூட விற்க முடியாமல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாவி இல்லாத பூட்டு சரக்கு இல்லை, வெறும் இரும்பு. அன்றிலிருந்து சாவியைக் கயிற்றால் கட்டாமல் ஒரு பூட்டைக்கூட நான் அலமாரியில் வைத்ததில்லை. பெரிய பெட்டியானால் உபரிச் சாவியை அதற்குள்ளேயே போட்டு வைப்பேன். போனுக்குப் பூட்டு வந்ததும் கை தானாக விலைச்சீட்டை எடுத்தது, எண்ணை எழுதியது, ஒட்டியது. மழையில் அழிந்துவிடக் கூடாதே என்று மேலே பளபளப்பு டேப்பும் ஒட்டினேன். நல்ல டேப், நகத்தால் சுரண்டினாலும் வராது.

போன் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதுதான் என்னை இரண்டு நாளாகச் சோறு தின்ன விடவில்லை. மாற்றுச் சாவி வெட்ட வருகிறவர்கள் ஆறு மாதம் கழித்து இரண்டு சாவியையும் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்கள். பூட்டையே உடைக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு யோசனை செய்தேன், அப்போது அது எனக்குப் பெரிய மூளையாகத் தெரிந்தது. வெட்ட வரும் ஒவ்வொரு சாவியையும் வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் அளவுகோலையும் வைத்து, போனில் படம் எடுத்துக்கொள்வேன். படத்துக்குக் கீழே யார் வீடு, எந்தத் தெரு, எந்த மாடி என்று குறிப்பு. மாடிப்படி இடப்பக்கம், பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், சாயங்காலம் ஆறுக்கு மேல் போகவும் என்றுகூடச் சிலவற்றில் எழுதியிருக்கிறேன். சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்க வசதியாக இருக்கட்டுமென்று எழுதியது. திருடன் ஒருவன் எனக்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். பள்ளிக்கூட எழுத்தர் ஒருவர் இரும்புப் பெட்டி வாங்க வந்தார், பொத்தானை அழுத்தி எண் போடுகிற புது மாதிரி. என் வியாபார முறை உங்களுக்குத் தெரியும். வாங்க வந்தவரையே ஓர் எண்ணைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு நான் முதுகைத் திருப்பிக்கொள்வேன். மூடியதும், இப்போது இதைத் திறக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான் என்பேன். பாதிப் பேர் அந்த வார்த்தையிலேயே விழுந்துவிடுவார்கள். பல வருஷப் பழக்கம், வாய் பாட்டுக்கு வாய் பேசும், கை பாட்டுக்குக் கை வேலை செய்யும், நான் நடுவில் சும்மா நிற்பேன். எழுத்தர் மூடி முடித்த அந்த நிமிஷம் பின் தெரு மூன்றாவது மாடிப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். குப்பை கொட்டக் கீழே வந்தாளாம், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, உள்ளே அடுப்பில் பால். எழுத்தரை அப்படியே விட்டுவிட்டு, அத்தையைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கருவிப் பையோடு ஓடினேன். படிக்கட்டு முழுக்க வேடிக்கை பார்க்கிற கூட்டம். இரண்டே நிமிஷத்தில் திறந்தேன். கூட்டம் கை தட்டியது. மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், கைதட்டலுக்காக நான் ஒரு நிமிஷம் அதிகமாக நின்றேன். பிறகு சட்டைப் பையில் கை விட்டால் போன் இல்லை.

கூட்டத்தில் எவனோ உருவிவிட்டான் என்று முடிவு செய்தேன். கடைக்கு ஓடிவந்து அத்தையின் போனிலிருந்து கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் பத்து தடவையும் அலுக்காமல் சொன்னது. பெரிய கைகாரன், அதற்குள் எல்லையையே தாண்டிவிட்டானே என்று வியந்தேன். காவல் நிலையத்துக்குப் போனேன். போனுக்குப் பூட்டு இருந்ததா என்று எழுதுகிறவர் கேட்டார், இருந்தது என்றேன். அப்புறம் என்ன, திறக்க முடியாதே என்றார். எண் பின்னால் ஒட்டியிருக்கிறது என்றேன். தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அன்று அத்தை சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். யாருக்கும் தெரியாது, நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். வியாபாரி புத்தி அப்படித்தான் முதலில் போகும், மறைக்க மாட்டேன். "நாலு நாள்ல ஒரு வீடு போச்சுன்னா, அந்த வீட்டுக்காரம்மா நம்ம கடைக்குத்தான் புதுப் பூட்டு வாங்க வருவாங்க. அப்ப முகத்தைப் பாத்துக் காசு வாங்குவீங்களா?" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு, ஞாபகத்திலிருந்தும் பழைய பில் புத்தகத்திலிருந்தும் வீடுகளின் பட்டியலை எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். பூட்டு வியாபாரி கதவைத் தட்டி, உங்கள் பூட்டை உடனே மாற்றுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் வீட்டுத் தையல்காரர், கடையில் வியாபாரம் அவ்வளவு மந்தமா என்று பரிவோடு விசாரித்துத் தண்ணீர் கொடுத்தார். இரண்டாம் வீட்டில் கதவைத் திறக்காமலே, போன வருஷம்தானே உங்களிடம் வாங்கினோம், அதற்குள் கெட்டுப்போகிற பூட்டையா விற்றீர்கள் என்றார்கள். போன் தொலைந்தது நிஜம் என்று சத்தியம் செய்தால், எங்கே காட்டுங்கள் என்கிறார் ஒருவர். தொலைந்ததை எப்படிக் காட்டுவது? கடைசியில், பூட்டுக்குக் கொள்முதல் விலை போதும், பொருத்துவதற்குக் கூலி வேண்டாம் என்றேன். ரொம்ப நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பித்தளைப் பிடி வைத்த பழைய மாதிரி நாற்பது உருப்படி ஓடாமல் கிடந்தது, அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். இன்று மதியம் வரை நாற்பத்தொரு வீடு சொல்லியாயிற்று, இருபத்தாறு வீடு மாற்றியாயிற்று. முழங்கால் இரண்டும் என்னோடு பேசுவதில்லை.

இதில் ஒரே ஓர் ஆள்தான் என்னைச் சந்தேகப்படவில்லை. ஓய்வு பெற்ற நர்ஸம்மா, தனியாக இருக்கிறவர். நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். போன் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்க வீட்டுச் சாவியைப் படம் எடுத்து வச்சிருக்கேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

"அதனாலதாங்க சொல்லல."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அந்த அம்மா கோபப்பட்டிருந்தால் தேவலை. "இத்தனை நாள் நான் கதவைச் சாத்திட்டுத் தூங்கினதா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பூட்டைப் பொருத்த நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். மாப்பிள்ளை, என்னை ஏமாற்றியவர்கள் உண்டு, நானும் பேரத்தில் ஆளை மடக்கியதுண்டு, ஆனால் பூட்டைப் பொருத்திவிட்டுக் காசு கேட்காமல் படியிறங்கியது அன்றுதான்.

உடம்பும் சும்மா இல்லை. நேற்று பூட்டு எடுக்கக் கடைக்கு வந்தபோது, சரியாக மாத்திரை சாப்பிடுகிற மூன்று மணிக்கு, எங்கோ ஆழத்தில் குருவி கத்துகிற மாதிரிக் காதுக்குள் ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. ரத்த அழுத்தம் காதுக்கு ஏறிவிட்டது என்கிறாள் அத்தை.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தொலைந்த போனில் இருப்பதைத் தூரத்திலிருந்தே அழித்துவிடலாம் என்று போன விடுமுறையில் சொன்னீர்கள். அதற்கு வேண்டியதை என் போனில் செய்து வைத்ததாகவும் சொன்னீர்கள், நான் கொட்டாவி விட்டேன். தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டதும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பேத்தி முதல் முதலாக நடந்த படமும் அதில்தான் இருக்கிறது. மகளிடம் அதற்கு ஒரு நகல் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றாலும் பரவாயில்லை, அழியுங்கள். பேத்தி இன்னும் நிறைய நடப்பாள்.

மகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், முதலில் அவளைச் சிரித்து முடிக்க விடுங்கள். பேத்தியின் கன்னத்தில் எனக்காக ஒன்று. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், எதையும் தொலைக்காமல், நிறைவாக வாழ வேண்டுமென்று அத்தையும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
இனி உங்கள் பேச்சுக்குக் கொட்டாவி விடாத
மாமனார்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, மணி மூன்று அடித்தது, குருவி கத்தியது. இந்தத் தடவை அத்தைக்கும் கேட்டது. அவளுக்கு ரத்த அழுத்தம் கிடையாது. இரண்டு பேரும் கடை முழுக்கக் காதை வைத்துக்கொண்டே போய், எழுத்தர் மூடிய இரும்புப் பெட்டியில் போய் முட்டிக்கொண்டோம். மாத்திரைக்கு என்று என் போனில் நீங்கள் வைத்துக் கொடுத்த அலாரம். காலிப் பெட்டியை மூடிக் காட்டினால் வாங்குகிறவருக்கு உறைக்காது என்று என் கைப்பொருள் எதையாவது உள்ளே வைப்பது வழக்கம். திங்கட்கிழமை கை எதை வைத்தது என்று என்னிடம் சொல்லவில்லை. நாலு அங்குல இரும்பு, அதனால்தான் எல்லைக்கு வெளியே. எண் மறந்தால் பெட்டியைத் திறக்கிற உபரிச் சாவி எங்கே என்று கேட்காதீர்கள். என் வழக்கப்படி பெட்டியோடுதான் இருக்கிறது, உள்ளே. எழுத்தரைக் கூப்பிட்டனுப்பினோம். கல்யாண நாளைத்தான் போட்டேன் என்கிறார். போட்டால் திறக்கவில்லை. யோசித்துவிட்டு இன்னொரு தேதி சொன்னார், அதுவும் இல்லை. மனைவியிடம் கேளுங்கள் என்றால், பெட்டியே வேண்டாம் என்கிறார்.

நாற்பத்தொரு வீட்டுக்கும் மறுபடி ஏறி, போன் தொலையவே இல்லை என்று சொல்ல வேண்டும். சரக்குத் தள்ளத்தான் வந்தான் என்று இனி சந்தேகமே இல்லாமல் சொல்வார்கள், சொல்லட்டும். முதலில் நர்ஸம்மா வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். படமெல்லாம் யாராலும் திறக்க முடியாத பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். "உங்களாலயும் முடியாதில்ல?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அப்ப இன்னிக்குத் தூங்கலாம்" என்றார்.

ஆகவே மேலே கேட்டதை நிறுத்த வேண்டாம், அழிக்கிற கட்டளையைப் போட்டுவையுங்கள். பெட்டியை உடைத்துப் போன் வெளியே வந்து மூச்சு விட்டவுடன் அழியட்டும், எனக்கு மனசு மாறுவதற்குள். அப்புறம் போனுக்குப் போடப்போகும் புது எண்ணையும் முடிவு செய்துவிட்டேன். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறியது. அதனால் பூட்டு என்னிடம், சாவி உங்களிடம். தபாலில் கடிதத்தைப் பிரிக்கும்போது கிழிந்துவிடப் போகிறதே என்று, எண்ணை உறையின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி, டேப் ஒட்டியிருக்கிறேன்.