சாப்பாட்டு மேஜையில் ஒரு நேர்காணல்

அவரைத் தெருவில் எல்லோரும் எதிர்க்கட்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அரசியலுக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பெண்டாட்டி குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் நனைந்துகொண்டு போவார். மழை விட்டுவிட்டது, குடை எதற்கு என்றால் தேடிப் பிடித்து விரித்துக்கொண்டு போவார். வீட்டில் அவர் செலுத்தும் அதிகாரம் அவ்வளவுதான். பாவம், அதையாவது செலுத்தட்டுமே.

ஆனால் வங்கியில் கடன் பிரிவு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஆள் படு கெட்டி. ஒருவன் கண்ணாடிக் கதவைத் தள்ளுகிற தோரணையை வைத்தே, வாங்கினால் கட்டுவானா, கம்பி நீட்டுவானா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரைத் துணை மேலாளர் பதவிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இந்தத் தடவை நாற்காலி எனக்குத்தான்" என்றார், முகம் மழித்துக்கொண்டே.

"யார் இல்லைன்னாங்க?" என்றாள் பெண்டாட்டி.

ஒரே ஒரு இடைஞ்சல். பதவி உயர்ந்தால் மாற்றலும் கூடவே வரும். அவருக்குப் பதவி வேண்டும், ஊர் மாறக் கூடாது. அதிலும் மாமியார் ஊர் ஆகவே ஆகாது. மாமியார் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாசம் கரைபுரண்டு ஓடும். அதுதான் தொல்லை. மாப்பிள்ளை எழுந்தாச்சா, குளிச்சாச்சா, வயிறு சரியாயிருக்கா என்று அவர் விசாரித்தால் மூன்றாவது தெருக்காரன் பதில் சொல்வான். பெண்டாட்டியோ, வயதான அம்மா பக்கத்தில் போய் இருக்க வேண்டும் என்று கல்யாணம் ஆன நாளாகச் சொல்லிப் பார்க்கிறாள். அவள் சொன்னாள் என்ற ஒரே காரணம் போதாதா, நம்மவர் முடியாது என்பதற்கு?

நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள், இந்தப் பக்கம் இவர். கழுத்துப்பட்டை மேலே, வீட்டு லுங்கி கீழே.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"நான் எதையும் தள்ளிப்போடாதவன்."

"குளியலறைக் குழாய் ஒழுகுதே."

"வங்கியில அதைக் கேட்க மாட்டாங்க."

"சரி, விடுங்க. கோபமா வர்ற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீங்க?"

"பொறுமையாக் கேட்பேன். குறுக்கே பேசவே மாட்டேன்."

"அது எப்படிங்க உங்களால..."

"முதல்ல நான் சொல்றதைக் கேளு."

"இதோ, வாடிக்கையாளர் எழுந்து போயிட்டார்."

அவர் கழுத்துப்பட்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நிஜமாகவே தலைமையகத்திலிருந்து வந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதவி கொடுத்தா எந்த ஊருக்குப் போவீங்க?"

"எங்கே அனுப்பினாலும் போவேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. ஒரு ஊர் பேரைச் சொன்னாத்தான் மனசார வர்றார்னு நம்புவாங்க. ஆனா ஒண்ணு. தப்பித் தவறிக்கூட எங்க அம்மா ஊர்க் கிளையை மட்டும் சொல்லி வைக்காதீங்க."

அவர் புருவம் மேலே போயிற்று. "ஏன் சொல்லக் கூடாது?"

"பொண்டாட்டி தள்ளிவிட்டு வந்திருக்கான்னு சிரிப்பாங்க. நம்ம மானம் போயிடும்."

"சொன்னா என்ன செய்வே?"

"வேண்டாங்க. நான் சொன்னா ஒரு தடவையாவது கேளுங்களேன்."

அப்போதே அவர் முடிவு செய்துவிட்டார். வெறும் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம், கணக்கும் இருந்தது. அந்தக் கிளை மலையடிவாரத்தில், பேருந்து போனால் போச்சு என்கிற மாதிரி ஊர். யாரும் போக மாட்டார்கள். நானாகப் போகிறேன் என்றால் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பார்கள். ஆனால் அனுப்ப முடியாது. ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு துணை மேலாளர் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மாமியார் வீட்டு மாடியிலேயே வாடகைக்கு இருக்கிறவர். ஆள் இருக்கிற நாற்காலியில் இன்னொருத்தரை எப்படி உட்கார வைப்பார்கள்? பதவி கைக்கு வரும், ஊர் தானாக நழுவும். அந்த ஆள் இன்னும் மாடியில்தானே இருக்கிறார் என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று பார்த்தார். கேட்டால் திட்டம் வெளியே வந்துவிடுமே. வாயை மூடிக்கொண்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

நேர்காணலில் ஜமாய்த்துவிட்டார். எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை. கடைசியில் நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "எங்கே போக விருப்பம்?"

ஊர் பேரைச் சொன்னார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் எழுந்து வந்தே கை கொடுத்தார். என் தியாகத்தில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே இவர் படி இறங்கினார்.

மறுவாரம் அவருடைய மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். "வாழ்த்துகள் சார். பதவியும் கிடைச்சாச்சு, கேட்ட ஊரும் கிடைச்சாச்சு. யாருக்கு வாய்க்கும்?"

"அங்கே ஒருத்தர் இருக்காரே, சார்."

"அவர் வேலையை விட்டுட்டு மகன்கூடப் போயிட்டாரே. ஆள் கிடைக்காம தலைமையகம் தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தது. நீங்களா வாயைத் திறந்து கேட்டீங்க பாருங்க, நேர்காணல் எடுத்த அம்மாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டார். "உங்க அம்மா வீட்டு மாடி காலியானது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அம்மா அன்னிக்கே சொன்னாங்க."

"என்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேட்கலையே." அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அந்த ஊரைச் சொல்லாதீங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். என் பேச்சை யார் கேட்கிறாங்க?"

அதில் ஒரு எழுத்தைக்கூட அவரால் மறுக்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்தார். சரி, போனது போகட்டும், இனிமேலாவது நம் பிடி நம்மிடம் இருக்கட்டும் என்று மாமியாருக்கு அவரே போன் போட்டார்.

"அத்தை, நாங்க அங்கதான் வர்றோம். ஆனா மாடியில எல்லாம் என் இஷ்டப்படிதான் இருக்கணும்."

"தாராளமா, மாப்பிள்ளை. உங்க வீடு அது. சுவருக்கு நீலம் அடிச்சிடட்டுமா? நீலம்தான் எடுப்பா இருக்கும்."

"நீலம் வேண்டாம்" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "மஞ்சள்தான்."

மாமியார் போனைக் கையால் பொத்திக்கொண்டதாக நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலைப் பொத்தக் கை போதுமா?

"பெயிண்டர் தம்பி, என் பொண்ணு சொன்னபடியே ஆயிடுச்சு. மஞ்சள் காய்ஞ்சிருந்தா ஏணியை எடுத்துக்கிட்டு நீ கிளம்பலாம்."