காலியாக விட முடியாத கட்டம்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். அக்கா நலம், நான் நலம், பாப்பாவின் இடது காது தவிர மற்றதெல்லாம் நலம். அந்தக் காதைப் பற்றி எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன், இது நான்காவது.

காதில் சீழ். இரண்டு முறை மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. பென்சிலின் வகை கொடுத்தால் குணமாகும் என்றார் டாக்டரம்மா. ஆனால் பாப்பாவின் கோப்பில் சிவப்பு மையில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று இருக்கிறதே, அதை எழுதியது நான். ஒரு வயதில் அவளுக்கு உடம்பெல்லாம் புள்ளி வந்தபோது, படிவம் என்றாலே என் கையில் திணிப்பீர்களே, அப்படித்தான் அன்றும். 'ஒவ்வாத மருந்து' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பதினைந்து வருடம் பரீட்சை எழுதியவள் நான். தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வருவதுதான் பழக்கம். அந்த வாரம் கொடுத்த மருந்தை எழுதினேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று நர்ஸ் பாராட்டினார்.

"அப்ப முகம் வீங்குச்சா? மூச்சு வாங்குச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ஞாபகமில்லீங்க. இவ படிச்சவ, இவ எழுதினா தப்பா இருக்காது" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

அத்தான், நான் நாற்காலிக்குள் புதைந்துபோனேன்.

"ஏம்மா, புள்ளி முதல்ல வந்துச்சா, மருந்து முதல்ல குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

பாப்பா காதைப் பிடித்துக்கொண்டு முனகினாள். எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"புள்ளி திங்கக்கிழமை. மருந்து செவ்வாக்கிழமைதான் குடுத்தோம். கட்டம் காலியா இருந்துச்சு டாக்டர், அதான்..."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத என் படிப்பு போதாது.

"காய்ச்சல்ல வந்த புள்ளியாத்தான் இருக்கும். ஆனா உன் பேச்சை நம்பி குடுக்க மாட்டேன், கண்ணால பாக்கணும்" என்று டாக்டரம்மா முதலில் கொஞ்சமாகக் கொடுத்தார், பொறுத்துப் பார்த்து மீதியையும் கொடுத்தார். இரண்டு மணி நேரம் அங்கேயே பாப்பாவை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் ஒரு கொசுக்கடி சிவந்ததும் எனக்கு உயிர் போய் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. டாக்டரம்மா சிவப்பு எழுத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டார். இன்று காய்ச்சல் இல்லை. பாப்பா என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

வாழ்க்கையில் நான் செய்த இப்படியான தவறு இது ஒன்றுதான் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். மன்னியுங்கள்.

பாப்பாவின் முத்தங்களுடனும் அக்காவின் மௌனத்துடனும்,
உங்கள் கொழுந்தியாள்

பி.கு.: கம்பெனிச் சமையற்காரர் மூன்று வருடமாக உங்களுக்கு மட்டும் முட்டை தர மறுக்கிறார், ஏதோ முன்ஜென்மப் பகை என்று எழுதியிருந்தீர்களே, அவரைத் திட்ட வேண்டாம். நீங்கள் வேலையில் சேர்ந்தபோது மருத்துவப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். அதிலும் 'ஒவ்வாத உணவு' என்று ஒரு கட்டம் இருந்தது.